நடராசாவின் நாரிப்பிடிப்பு

நடராசாவுக்கு நாரி பிடித்து, இடுப்பை அசைக்க முடியாதென்று படுக்கையில் விழுந்து, இன்றோடு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நாரியில் ஒரு சின்ன உளைவுகூட இருக்கவில்லை என்பது உருத்திரபுரத்தில் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வருத்தத்தின் காரணம் குளத்தில் கிடந்தது. எட்டடி நீளம்.

மனைவி சிவரூபியின் பின்னால் அவனும் ஆறு மாதமாகச் சபைக்குப் போய்வருகிறான். பாட்டுப் பிடித்தது. ஜெபமும் பிடித்தது. ஞானஸ்நானம் என்றால் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தான்.

"எங்கடை சபையிலை முழுக்குத்தான் பிரதர்," என்றார் பாஸ்ரர் ராஜரத்தினம். "குளத்திலை இடுப்பளவு தண்ணியிலை நிண்டு, தலை தாழ முழுகி எழும்ப வேணும்."

அந்தக் குளக்கட்டில் படுத்திருந்த நாயை முதலை இழுத்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் கண்டவன் நடராசா. நாய் குரைக்கக்கூட இல்லை. ஒரு சத்தம், பிறகு தண்ணீரில் ஒரு வட்டம். அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, முதலைக்குப் பயம் என்று பாஸ்ரரிடம் போய்ச் சொல்வதா? ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் நெல்லு மூட்டையைத் தூக்கப்போனவன், "ஐயோ, நாரி!" என்று கத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

அந்த ஞாயிறு தப்பியது. ஆனால் எழும்பினால் அடுத்த ஞாயிறு குளம்.

"என்னப்பா, ஆசுப்பத்திரிக்குப் போய் ஒரு படம் எடுத்துப் பாப்பம்," என்றாள் சிவரூபி மூன்றாம் நாள்.

படம் எடுத்தால் பொய் தெரிந்துவிடும் என்று நடராசா பயந்தான். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னான். "வேண்டாம் ரூபி. ஜெபத்தாலை மாறும்."

அவன் செய்த பிழைகளில் பெரிய பிழை அதுதான். சிவரூபிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாஸ்ரரிடம் சொன்னாள். "எங்கடை இவருக்கு இவ்வளவு விசுவாசம் இருக்கெண்டு எனக்கே தெரியாது பாஸ்ரர்."

சபை முழுவதும் மூன்று நாள் உபவாசம் இருந்தது. நடராசாவுக்காகப் பட்டினி கிடந்தவர்கள் மாலையில் வந்து கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். அவர்களுடைய வாடிய முகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பயம் கூடியது. மனிதரை ஏமாற்றலாம். மேலே இருப்பவர் பார்த்துக்கொண்டல்லவா இருக்கிறார்? ஒரு நாள் பின்னேரம் வலது கால் விறைத்துப்போனது. தண்டனை தொடங்கிவிட்டது என்று வியர்த்துக் கொட்டியது. நெடுநேரம் ஒரே பக்கமாகப் படுத்ததால் வந்த விறைப்பு என்று தெரிந்தபிறகும் வியர்வை நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்ரர் நாலு பலசாலிகளோடு வந்து நின்றார்.

"பிரதர், ஆண்டவர் எனக்கொரு காரியத்தைக் காட்டினவர். வேதத்திலை திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடைதானே கொண்டுபோனவை? நாங்களும் உங்களைக் கட்டிலோடை குளத்துக்குக் கொண்டுபோவம்."

"கட்டிலோடையோ?"

"ஓம். கட்டிலோடையே முழுக்குவம்."

நாலு பேரும் நாலு காலைப் பிடித்தார்கள். கட்டில் தரையை விட்டு எழும்பியது. நடராசாவின் மூளை மின்னலாக வேலை செய்தது. நல்லாக ஓடக்கூடியவனே முதலையிடம் தப்புவது சந்தேகம். நாரி பிடித்தவன் எப்படி ஓடுவான்? ஓடினால் பொய் தெரிந்துவிடும். ஓடாவிட்டால் முதலை.

கட்டில் வாசற்படியைத் தாண்டும்போது நடராசா ஒரே பாய்ச்சலில் முற்றத்தில் குதித்தான்.

"அல்லேலூயா!" என்று பாஸ்ரர் போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. சிவரூபி மண்ணில் விழுந்து அழுதாள். பக்கத்து வீட்டுப் பிரஷாந்தினி ஃபோனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுகமானவன் குளத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? அரை மணித்தியாலத்தில் நடராசா இடுப்பளவு தண்ணீரில் நின்றான். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது.

"ஆவியானவர் இறங்குறார்!" என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

முழுகி எழும்பினான். முதலையைக் காணவில்லை. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். உண்மையில் அன்றுதான் தொடங்கியது.

பிரஷாந்தினியின் வீடியோ ஒரு கிழமைக்குள் வன்னி முழுவதும் சுற்றியது. கிளிநொச்சியில் நடந்த பெரிய கூட்டமொன்றில் அவனைச் சாட்சி சொல்ல மேடையில் ஏற்றினார்கள். அறிமுகம் செய்தவர் உணர்ச்சிவசப்பட்டு, "ஒன்பது மாசம் படுக்கையிலை கிடந்த சகோதரன்!" என்றார்.

"ஒன்பது நாள்தான்..." என்றான் நடராசா. சொல்லி முடிக்குமுன் மைக் வேறு கைக்குப் போய்விட்டது.

மேடையை விட்டு இறங்கும்போது ஆட்கள் அவனுடைய கையைப் பிடித்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சிவரூபி தட்டை மூடி வைத்துவிட்டு, "உபவாசம் போலை," என்று அயலட்டையில் பெருமையாகச் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாஸ்ரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"ஏறுங்கோ பிரதர். கண்டாவளையிலை மாயாண்டி எண்டு ஒராள் ஆறு மாசமாய்ப் படுத்த படுக்கை. நீங்கள் வந்து கை வைச்சு ஜெபிச்சால் எழும்புவன் எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கிறாராம்."

"நானோ? நீங்கள் ஜெபியுங்கோ பாஸ்ரர்!"

"நான் ரெண்டு தரம் ஜெபிச்சனான். எழும்பேல்லை. உங்களைத்தான் கேக்கிறார்."

வயல்களுக்கு நடுவே போகும் தெருவில் நடராசா பின்னால் இருந்து பாஸ்ரரின் முதுகைப் பார்த்தான். நல்ல மனிதர். தனக்காக மூன்று நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தவர். இனியும் மறைப்பது பாவம்.

"பாஸ்ரர், ஒரு உண்மை சொல்ல வேணும். எனக்கு நாரி பிடிக்கவேயில்லை."

பாஸ்ரர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். திரும்பி அவன் தோளில் கை வைத்தார்.

"எனக்குத் தெரியும் பிரதர்."

"தெரியுமோ?"

"சுகம் கிடைச்ச எல்லாருக்கும் சாத்தான் இப்பிடித்தான் செய்வான். உனக்கு வருத்தமே இருக்கேல்லை, எல்லாம் பொய் எண்டு காதுக்குள்ளை ஓதுவான். நம்பிப்போடாதேங்கோ."

பாஸ்ரர் திரும்பவும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

மாயாண்டியின் வீட்டு முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. வேலிக்கு வெளியிலும் நின்றார்கள். மாயாண்டியின் மனைவி அழகம்மா ஓடிவந்து நடராசாவின் இரண்டு கையையும் பிடித்தாள். கூலி வேலை செய்து காய்த்துப்போன கைகள்.

"ஒரு நா காலைல எந்திரிக்க முடியலன்னாரு தம்பி. அம்புட்டுத்தான். டாக்டருக்கே புரியலங்க. நீங்க வாறீங்கன்னு நேத்தே புதுச் சாரம் வாங்கி வச்சிருக்கேன். எந்திரிச்சதும் கட்டிக்கட்டும்."

மடித்த புதுக் கைலிச் சாரம் தலைமாட்டில் இருந்தது. நடராசாவுக்கு முதலையிடம் இருந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இந்த மனுசி அந்தச் சாரத்தைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைக்கப்போவதை அவன் நின்று பார்க்க வேண்டும்.

மாயாண்டி கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஐம்பது வயது இருக்கும். முகம் மட்டும் மெலிந்திருந்தது.

நடராசா முழங்காலில் விழுந்து மாயாண்டியின் காலில் கை வைத்தான். இவ்வளவு நாளும் மற்றவர்கள் சொல்லித் தந்த ஜெபங்களைத்தான் சொன்னவன். இப்போது ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. மனதுக்குள் தன் பாட்டில் வந்தது இதுதான்.

"ஆண்டவரே, நான் பொய்யன். அது உமக்குத் தெரியும். என்ரை நாரியை உண்மையாவே முறிச்சுப்போடும். ஆனால் இந்த அம்மாவை ஏமாத்திப்போடாதையும்."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. இனிமேல் மறைக்கக் கூடாது, எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தான். தலையை நிமிர்த்தினான்.

"கேளுங்கோ, நான் ஒரு..."

அவன் கையின் கீழே மாயாண்டியின் பெருவிரல் அசைந்தது.

பிறகு முழங்கால் மடிந்தது. மாயாண்டி கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல எழும்பி உட்கார்ந்தார். ஒரு காலைக் கீழே வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். எழுந்து நின்றார்.

முற்றம் அதிர்ந்தது. பாஸ்ரர் அழுதார். அழகம்மா சாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். நடராசாவுக்கு மயிர் கூச்செறிந்தது. எழும்பவே முடியவில்லை. பொய்யனின் கையாலும் ஆண்டவர் செய்கிறார். அப்படியானால் அவர் இங்கேதான், இந்த அறையில்தான், இப்போது நிற்கிறார். இவ்வளவு நாள் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

மாயாண்டி இரண்டு எட்டு நடந்து வந்து, அவனைத் தூக்கி நிறுத்தி, இறுக்கிக் கட்டிப்பிடித்தார். சனம் கைதட்டிய சத்தத்துக்குள் அவர் நடராசாவின் காதோரம் வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்:

"ரொம்ப நன்றிங்க தம்பி, மச்சான் அவன் வீட்டுக் கெணறு தோண்டக் கூப்பிட்டானேன்னு ரெண்டே ரெண்டு நாளைக்குத்தான் படுத்தேன், அப்புறம் எந்திரிக்க ஒரு வழி கெடைக்காம ஆறு மாசம் போயிருச்சு."