காபி டின்னுக்குள் வஞ்சிரக் கருவாடு

உத்தியோகத்தில் என் மொத்த அனுபவம் நான்கு நாள். அதையும் யாரும் சூழ்ச்சி செய்து கெடுக்கவில்லை, நானேதான் கெடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊரில் உப்பளம் என்ற பகுதியில், காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் பொட்டலம் கட்ட ஆள் தேவைப்பட்டது. ஒரு வாரம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார் முதலாளி. எனக்குச் சம்பளம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. என் அம்மா மீன் விற்பவள். பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். (வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை.) ஒரு நாளாவது காபி மணக்க மணக்க வீடு திரும்ப வேண்டும் என்று ஏங்கினேன். முதல் நாள் சாயங்காலம் அப்படியே திரும்பினேன். அம்மா என் தாவணியைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "கொஞ்ச நேரம் இங்கயே நில்லுடி, அப்புறமா துணி மாத்தலாம்" என்றாள். எப்படியாவது இந்த வேலையில் நிலைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அதற்கு நான் கண்ட வழி, முதலாளிக்கு ஒரு மரியாதை செய்வது. நான்காம் நாள், அம்மா காயப்போட்டதிலேயே உசத்தியான வஞ்சிரக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனேன். அவர் இன்னும் வரவில்லை. அதுவரை வாசனை வெளியே தெரியக்கூடாதே. கடையிலேயே அதிகம் மணக்கும் இடம், அன்று காலை வறுத்த கொட்டை இருந்த பெரிய டின். அதன் அடியில் புதைத்து மூடினேன். (காபி எந்த வாசனையையும் அமுக்கிவிடும் என்பது என் ஆராய்ச்சி. எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது ஊர் அறிந்தது.)

முதலாளி வந்தார், கூடவே கூட்டமும் வந்தது. எல்லார் முன்னாலும் கொடுக்கக் கூச்சம். டின்னில் மேலாக அள்ளி அள்ளி அரைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"முசே, நான் கேட்டது காப்பித்தூளு. இத கொதிக்க வெச்சுட்டு, புளி கரைக்கட்டுமான்னு கேக்குறா எம் பொண்டாட்டி."

முதலாளி டின்னுக்குள் கையை விட்டார். கை கருவாட்டோடு வெளியே வந்தது.

"இன்னாம்மா இது?"

"உங்களுக்குத்தான் முதலாளி. வஞ்சிரம்."

அவர் கருவாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைலேருந்து நீ வர வேணாம்மா" என்றார். கருவாட்டை மட்டும் பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று அம்மா என் தாவணியை முகர்ந்துவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு வாரம் அதைத் துவைக்க விடவில்லை.

இப்போதும் அந்தத் தெருவில் கொட்டை வறுபடும்போது என் கால் தானாக நின்றுவிடுகிறது. நிலைத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. வீட்டில் இந்த ஏக்கத்துக்கு மதிப்பே இல்லை. நான் காபி கொண்டுவந்து வைத்தால், மகன் தம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "முள்ளு எடுத்துட்டியாம்மா?" என்பான்.