நடுக்கம் அண்ணனும் ரெண்டு கேன் தண்ணியும்

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்து கோணலாக வரும், நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் சாமியை நம்பாதவர்கள் உண்டு. சொந்தக்காரனை நம்பாதவர்கள் நிறைய உண்டு. காலுக்குக் கீழே இருக்கிற மண்ணையே நம்பாத ஒரே மனுஷன் எங்கள் தெரு மிக்சி ரிப்பேர்க்காரர்தான். பேர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் ‘நடுக்கம்’. நான் மட்டும் மரியாதைக்கு நடுக்கம் அண்ணன் என்பேன்.

மிக்சியைக் கொண்டுபோனால், “மிக்சி ஆடுதா, வூடு ஆடுதா?” என்றுதான் முதலில் கேட்பார். சிரித்தால் கோபம் வரும். “சிரிக்காதமா. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.” மேசை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் எப்போதும் இருக்கும். தாகத்துக்கு இல்லை, அது அசைகிறதா என்று பார்க்க. போஸ்ட்மேன் தெரியாமல் ஒரு நாள் அதைக் குடித்துவிட்டு ரெண்டு நாள் திட்டு வாங்கினார். கடைக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார மாட்டார். கொளுத்துகிற வெயிலிலும் வாசற்படியில்தான், ஒரு காலைத் தெருவில் நீட்டியபடி. “ஓடறதுக்கு ஒரு கால் ரெடியா இருக்கணும்பா.”

வீடு வீடாகப் போய் அறுந்த பட்டு நூலைக் கேட்டு வாங்குவார். அதை முறுக்கி, கடைக் கூரையிலிருந்து கனமான ஒரு போல்ட்டைத் தொங்கவிட்டு, சுற்றிலும் சலங்கை மணிகளைக் கட்டியிருந்தார். நிலம் அசைந்தால் போல்ட் மணியில் இடிக்குமாம். “பருத்தி நூல் பொய் சொல்லும்மா. பட்டு சொல்லாது.”

ஒரு நாள் காலையில் அத்தனை மணியும் அடித்தது. “ஆடுது! எல்லாம் வெளிய வாங்க!” என்று தெரு முழுக்க ஓடினார். முகத்தில் சோப்போடு வாத்தியார் வந்தார், இட்லிக் குண்டானோடு எதிர்வீட்டு மருமகள் வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் தறிக் குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தவர், பதறி எழுந்ததில் தறியில் நீட்டியிருந்த பாவில் ஒரு கொத்து இழை அறுந்துபோனது. போய்ப் பார்த்தால் அடுத்த தெருவில் போர்வெல் லாரி.

“யோவ் நடுக்கம்! இதுவாய்யா ஒன் பூகம்பம்?” என்று எங்கள் வீட்டுக்காரர் கத்தினார்.

“ஒத்திகைன்னு வச்சிக்கபா. நீதான் கடைசியா வந்த. நெசமா இருந்தா நீ காலி.”

இதுவரைக்கும் நானும் சிரித்தவள்தான்.

பிறகு என் மகள் செல்விக்குக் கல்பாக்கம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரிக் வேலை. பத்திரிகை வைக்கப் போய் ஊர்ப் பேரைச் சொன்னதும் நடுக்கம் அண்ணன் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

“அணு உலை இருக்கிற எடமாச்சேமா!”

“உலைதானேண்ணே, நெலம் ஆடினா அணைச்சிட மாட்டாங்களா?” என்றேன். எனக்குத் தெரிந்தது சோற்று உலைதான்.

“அடுப்ப அணைச்சா சோறு ஒடனே ஆறிடுதா? மூடி வச்சா அது பாட்டுக்கு வெந்துக்கினே இருக்குதில்ல? அதுவும் அப்படித்தான். நின்னப்புறமும் சூடு அடங்காது, தண்ணி ஓடிக்கினே இருக்கணும். ஜப்பான்ல நெலம் ஆடிச்சி, உலை தானா நின்னுச்சி. அப்புறம் கடல் ஏறி வந்து தண்ணி ஓட்டுற மோட்டார மூழ்கடிச்சிடுச்சி.”

“நெலம் ஏண்ணே ஆடணும்?”

அதற்கு அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. “நீ கோர்வை போடுறவ, ஒனக்குத் தெரியாதா? பொடவைல ஒடம்பும் கரையும் தனித்தனியா வந்து நடுவுல பின்னிக்குதே, பூமியும் அப்படித் துண்டு துண்டா சேர்ந்தது. இழுப்பு தாங்காத அன்னைக்கு சேர்ந்த எடத்துல விடும். நாம ஓரத்துல இல்ல. ஆனா ஒடம்பு நடுவுலயும் பழைய பிரிசல் இருக்கும். மேல பார்த்தா தெரியாது.”

முப்பது வருஷம் தறியில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளியவள் நான். ஒரு பிடி தவறினால் கோர்வையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு மேலேயே செல்வி குடித்தனம் செய்கிற மாதிரி இருந்தது. உலை கொதிக்கிற சத்தம் கேட்டாலே ஓடிப்போய் மூடியைத் திறந்து விடுவேன். ஒரு மாசம் எங்கள் வீட்டில் அரைவேக்காட்டுச் சோறுதான்.

செல்விக்கு ஏழாம் மாசம் நடந்தபோது ஒரு மத்தியானம், அண்ணன் கடையில் அந்த மணி ஒரே ஒரு தரம் அடித்தது. எந்த லாரியும் இல்லை. தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. செல்விக்கு போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மாப்பிள்ளைக்குப் போட்டால் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வெளியூரில். தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லாத நான் மிக்சிக் கடை முன்னால் போய் நின்றேன். “செல்விக்கு போன் போவலண்ணே” என்றேன்.

“செருப்ப மாட்டுமா” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். ரெண்டு பெரிய கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து கடையை மூடினார்.

கண்டக்டர் கேட்டார்: “இன்னா பெரியவரே, அந்த ஊர்ல தண்ணி இல்லியா?”

“இருக்குது. மோட்டார் ஓடலன்னா?”

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. செங்கல்பட்டில் வேறு பஸ் மாறினோம். கடல் நெருங்க நெருங்க, அவர் கேன் மூடியைத் திறந்து திறந்து உள்ளே தண்ணீர் அசைவதையே பார்த்தார். கேனுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. எல்லாரும் விட்டு ஓட வேண்டிய ஊர் என்று அவர் நினைத்த ஊருக்கு அவரே போய்க்கொண்டிருந்தார். இறங்கிவிடலாம் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

செல்வி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “இன்னாமா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? போன் தண்ணில விழுந்துடுச்சிமா!” நான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார், தரையைத் தட்டிப் பார்த்தார், அவளுடைய மிக்சியைக் கழற்றிச் சரிசெய்தார்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். “நெலம் ஆடினா உலை தானா நின்னுடும் பெரியவரே. கரண்ட் போனா தண்ணி மோட்டாருக்கு டீசல் இருக்குது.”

“டீசலும் நின்னா?”

“அதுக்கும் ஒண்ணு வச்சிருப்பாங்க.”

“வச்சிருப்பாங்களா, வச்சிருக்காங்களா?”

மாப்பிள்ளை செல்வியைப் பார்த்தார். அவள் வயிற்றில் கையை வைத்தபடி அவரைப் பார்த்தாள். “எனக்கு உலைக்கு வெளிய வேலைதான் பெரியவரே. உள்ள எனக்குத் தெரியாது” என்றார். “விசாரிச்சி சொல்லுபா” என்றார் நடுக்கம் அண்ணன்.

கேன்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். அன்று கேன்களைப் பார்த்துச் சிரித்த செல்வி, இன்றைக்கும் ரெண்டையும் நிரப்பியே வைத்திருக்கிறாள்.

நடுக்கம் அண்ணன் இப்போது தென்னேரியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். ஏரிக்கரை மேல் சந்தேகமாம், தினம் போய்த் தட்டிப் பார்க்கிறாராம். எப்போது போன் செய்தாலும், “மாப்பிள்ளை விசாரிச்சாராமா?” என்கிறார்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, டீசலும் நின்றால் ஓட வேண்டிய அந்த இன்னொரு மோட்டாரைப் பற்றி எழுதுங்கள். ‘வச்சிருப்பாங்க’ என்று எழுதாதீர்கள், அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ‘வச்சிருக்காங்க’ என்று வந்தால் நானே தென்னேரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். இப்போதெல்லாம் தனியாகப் பஸ் ஏறுகிறேன்.