கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க

"தங்கராசு, ஞாயித்துக்கெழமயும் செக்கிங் ஓடோணும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு" என்றார் முதலாளி ஆத்தப்பன்.

பெருமாநல்லூரில் அந்த பனியன் கம்பெனியே இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையில்தான் ஓடியது. டீ ஆறியிருந்தால் அட்ஜஸ்ட். ஃபேன் நின்றால் அட்ஜஸ்ட். காலர் கோணினால், தைத்தவர் கோபித்துக்கொள்ளாதபடி அட்ஜஸ்ட். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? சூப்பர்வைசர் தங்கராஜுக்குத்தான் இடுப்பு ஒடிந்தது.

"அன்னைக்குத்தானுங்க கணியூருக்குப் பொண்ணு பாக்கப் போறேன்."

முப்பத்தொன்பது வயது. இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளால் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி தேடுவதாக இல்லை என்று அம்மா வேலாத்தாள் கையை விரித்துவிட்டாள்.

"அப்ப உனக்குப் பதிலா ஒரு ஆளை விட்டுட்டுப் போ."

பக்கத்துத் தையல் லைனில் வேலை பார்க்கும் மோகன்ராஜ் உடனே ஒத்துக்கொண்டான். "வர்றனுங்ண்ணா. என்ற வண்டிதான் ரிப்பேரு. உங்குளுத குடுத்து அட்ஜஸ்ட் பண்ணுங்க."

தன் வண்டியைக் கொடுத்தார். ஞாயிறு காலையில் அவனே போன் செய்தான்.

"அண்ணா, மாமியா வந்துட்டாங்க. நான் வர முடியாதுங்க."

"அடப்பாவி! செக்கிங்?"

"ஆள் அனுப்பிட்டனுங்க. என்ற சம்சாரத்தோட சிநேகிதி. யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாத புள்ள. நெலமையச் சொன்னேன், கம்பெனி வேன்ல ஏறீருச்சு."

இந்த உலகத்தில் தன்னைப்போல் இன்னொரு ஜீவனா? தங்கராஜுக்குப் பாவமாக இருந்தது.

"என்ற வண்டி?"

"மாமியாளக் கோயிலுக்குக் கூட்டீட்டுப் போறனுங்ண்ணா. அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அம்மாவுடன் பஸ் ஏறினார். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒரு அம்மாள் அட்ஜஸ்ட் செய்து உட்கார்ந்து, கைக்குழந்தையை இவர் மடியில் வைத்தாள். மடத்துக்குளம் வருவதற்குள் அது புதுச் சட்டையை நனைத்துவிட்டது.

"தொடைச்சுக்கடா. தரகர் உன்னைய மேனேஜர்னு சொல்லி வெச்சிருக்கறாரு" என்றாள் வேலாத்தாள்.

கணியூரில் பெண்ணின் அப்பா மருதாசலம் வாசலுக்கே வந்து கையைப் பிசைந்தார். காபி வந்தது, முறுக்கு வந்தது, பெண் மட்டும் வரவில்லை.

"புள்ள எங்கீங்க?" என்றாள் வேலாத்தாள்.

"சொல்லவே சங்கட்டமா இருக்குதுங்க. காலையில பெருமாநல்லூர் வரைக்கும் போயிருச்சுங்க. அங்க ஒரு சூப்பர்வைசராமா. பாவம், வயசு ஏறிட்டே போகுதாமா, லீவு கெடைக்காம ரண்டு எடம் தட்டிப்போச்சாமா. 'அந்த மனுசன் இந்த ஒரு பொண்ணையாச்சும் பாத்துட்டு வரட்டும், அவருக்குப் பதிலா நான் செக்கிங் பாக்கறேன். நம்மூட்டுக்கு வர்ற மேனேஜரக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்கப்பா'ன்னுட்டுப் போயிருச்சுங்க."