தவறுதலாக மூடப்பட்டு, பின்னர் முறைப்படி மூடப்பட்டது

ஒரு நிறுவனத்தை மூட வேண்டுமென்றால் முதலில் கூட்டம் போட வேண்டும். கூட்டத்தில் பேச வேண்டும். பேசியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் மூட வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை வருங்காலத் தலைமுறையினர் அறிந்து பயன்பெறும் பொருட்டு, 'கோலும் கோலாகலமும்' என்ற இணையதளம் மூடப்பட்ட வரலாறு இங்கே உள்ளது உள்ளபடி பதிவு செய்யப்படுகிறது.

கோல் என்றால் விளையாட்டு. கோலாகலம் என்றால் சினிமா, பாட்டு, யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், யார் யாரை விட்டுப் போனார்கள் முதலான பொது அறிவு. அலுவலகம் மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறை. நான்கு நாற்காலிகள், ஒன்றுக்கு முதுகு கிடையாது. கீழே இரண்டாவது மாடியில் பல் மருத்துவமனை. டாக்டர் பல்லைக் குடைகிற சத்தம் மேலே தெளிவாகக் கேட்கும். தளத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு பேர் வருவார்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி என்பதால், அதில் முந்நூறு பேர் "டாக்டர் இன்னைக்கு எத்தனை மணிக்கு வருவார்?" என்று பின்னூட்டத்தில் கேட்டுவிட்டுப் போவார்கள். அதற்கும் பொறுப்பாகப் பதில் போடப்படும். வாசகரைக் கைவிடக் கூடாது என்பது தளத்தின் கொள்கை.

வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். சினிமாப் பக்கம் ஸ்டாரக்கா. எதைப் பார்த்தாலும் ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று மதிப்பெண் போடாமல் அவரால் இருக்க முடியாது. லிஃப்டுக்கு ஒன்றரை. கீழே இருக்கும் டாக்டருக்கு மூன்று. சொந்தக் கணவருக்கு, "முதல் பாதி பரவாயில்லை."

விளையாட்டுப் பக்கம் பார்த்தவருக்கு ரெண்டு ரிசல்ட் என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. தொழில் வைத்தது இது. ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே வெற்றிச் செய்தி ஒன்று, தோல்விச் செய்தி ஒன்று என்று இரண்டையும் எழுதி முடித்துவிடுவார். விசில் அடித்ததும் எது நடந்ததோ அதை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. மற்ற தளங்கள் தலைப்பு யோசிக்கும்போது இவருடைய செய்தி ஊரைச் சுற்றி வந்துவிடும். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் மட்டும் கொஞ்சம் சிரமம். வெற்றியில் முதல் பாதியையும் தோல்வியில் பின் பாதியையும் வெட்டி ஒட்டிவிடுவார். "ஆர்ப்பரித்த வீரர்கள் கண்ணீருடன் வெளியேறினர்" என்று வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும்.

அவர் விடாமல் எழுதியது சலவை நிலையப் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றி. ஒரு பெரிய சலவை நிலையத்தில் துணி துவைக்கிற, தேய்க்கிற பெண்கள் சேர்ந்து ஆடுவது. கோல்கீப்பர் ரெண்டு ரிசல்ட்டின் தங்கச்சி. இந்த அணியின் ஆட்டங்களைப் பற்றி இந்த உலகத்தில் எழுதிய ஒரே ஆள் அவர்தான். பதினோரு வருஷமாக எழுதினார். பதினோரு வருஷமாக அவர்கள் தோற்றார்கள். அதனால் கைப்பழக்கம் ஒன்று வந்துவிட்டது. தோல்விச் செய்தியைக் கணினியில் நேரம் குறித்து ஏற்றி வைத்துவிடுவார், தானாகவே வெளியாகும்படி. தப்பித் தவறி ஜெயித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்ற வேண்டி வந்ததே இல்லை.

ஆனால் இந்த வருஷம், எதிரணிகள் ஒவ்வொன்றாக ஆட வராமல் போனதில், அவர்கள் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி.

அதற்கு முந்தைய புதன்கிழமை மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். தளத்தை மூடுவதா, வைத்திருப்பதா? கூட்டத்தை நடத்தியவர் உள்ளடக்க வியூகப் பிரிவின் முதுநிலை அதிகாரி. இனி இவர் பெயர் வியூகம்.

ரெண்டு ரிசல்ட் வழக்கம்போல இரண்டு எழுதினார். 'மூடப்படவில்லை' நாலு வரி. மூடவில்லை என்பதைப் பற்றி என்னதான் எழுதுவது? 'மூடப்பட்டது' மட்டும் பொங்கி வந்துவிட்டது. முதுகில்லாத நாற்காலி, பல் குடைகிற சத்தம், மழையில் நின்று தோற்ற சலவை நிலையப் பெண்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். ஸ்டாரக்கா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "நாலே முக்கால் தம்பி. கால் ஸ்டாரை எதுக்குக் குறைச்சேன்னா, நான் ரெண்டு வரிலதான் வர்றேன்."

கூட்டம் நாலு மணிக்கு முடியும் என்று சொல்லியிருந்தார்கள். ரெண்டு ரிசல்ட்டின் கை, மூளையைக் கேட்காமல், தோல்வியை, அதாவது 'மூடப்பட்டது' என்ற செய்தியை, நாலு மணிக்கு ஏற்றி வைத்தது.

மூணு ஐம்பத்தைந்துக்குத் தங்கச்சி ஃபோன் பண்ணினாள்.

"அண்ணா, கையுறை கிழிஞ்சிடுச்சு."

"தைச்சுக்க."

"தைச்சாச்சு. இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை தோல்வியை மொதல்ல எழுதாதே."

"பழக்கம்மா."

"அதான் சொல்றேன். நீ மொதல்ல எதை எழுதுறியோ அதான் நடக்குதுன்னு எங்க டீம்ல எல்லாரும் சொல்றாங்க. ஒரு தடவை மாத்தித்தான் பாரேன்."

"சரி, சரி. நான் எழுதியா நீ பந்தை விட்டே?"

இப்படி அண்ணனும் தங்கச்சியும் பேசி முடித்தபோது மணி நாலு ஐந்து.

கூட்டமோ நாலு இருபதுக்குத்தான் முடிந்தது. தளத்தை இன்னும் ஆறு மாதம் வைத்திருப்பது என்று முடிவு. ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் இந்த முடிவுக்கு ஐந்து நிமிடம் போனது; மீதி நேரம், முடிவை 'முடிவு' என்பதா 'தீர்மானம்' என்பதா என்பதற்குப் போனது. அதை உலகத்துக்கு அறிவிக்க வியூகம் கைபேசியை எடுத்தபோது, உலகம் அவருக்கு முன்பே அழுதுகொண்டிருந்தது.

'என் இளமை இன்று செத்தது.'

'தினமும் காலையில் முதல் வேலையாக இதைத்தான் திறப்பேன். பெயர் சட்டென்று ஞாபகம் வரவில்லை, அவ்வளவு நெருக்கம்.'

'நல்ல விஷயங்களை இந்தச் சமூகம் காப்பாற்றாது. நான் பார்த்ததில்லை, ஆனால் காப்பாற்றியிருக்க வேண்டும்.'

'டாக்டர் இன்னைக்கு வருவாரா?'

ஆறு மணிக்குள் மூன்று லட்சம் பேர் வந்துவிட்டார்கள். நானும் ஒரு வரி எழுதினேன்: 'பதினோரு வருஷ வாசகனின் கண்ணீர்.' எனக்கு வயது பதினாறு. நாலாயிரம் பேர் இதயம் போட்டார்கள். ஒருத்தர்கூடக் கணக்குப் போடவில்லை.

வியூகம் ஃபோனில் கத்தினார். "யாருய்யா மூடினது?"

"தப்பு நடந்துடுச்சு சார். இப்பவே எடுத்துடறேன்."

"எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

"மூணு லட்சம் சார்."

"எடுத்துடாதே" என்றார் வியூகம், பூனைக்குட்டியைத் தடவுகிற குரலில். "இரு. நாங்க மறுபடி கூடறோம்."

ரெண்டு ரிசல்ட் நேர்மையான ஆள். மறுநாள் காலையில், யாரையும் கேட்காமல், 'மூடப்படவில்லை' என்ற நாலு வரியையும் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் நாற்பத்தொரு பேர். திட்டியவர்கள் நாற்பது.

'நேற்று நான் அழுத அழுகைக்கு யார் பொறுப்பு?'

'அஞ்சலிக் கூட்டத்துக்கு மைக் சொல்லியாச்சு. வாடகையை நீ குடுப்பியா?'

'மூடுகிறேன் என்று சொல்லி மூடாமல் இருப்பது பச்சைத் துரோகம்.'

திட்டாத ஒருத்தர் டாக்டரைப் பற்றிக் கேட்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் 'சொன்னபடி மூடு' என்று ஒரு இயக்கமே கிளம்பியது. வெள்ளிக்கிழமை வியூகம் நேரிலேயே வந்தார். லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி வந்து, முதுகில்லாத நாற்காலியில் சாய்ந்து, சுதாரித்து, சுற்றறிக்கையைப் பிரித்துப் படித்தார்.

"வாசகப் பெருமக்களின் பேராதரவை முன்னிட்டும், அவர்தம் உணர்வுகளுக்கு மதிப்பளித்தும், தவறுதலாக மூடப்பட்ட இத்தளம் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முறைப்படி மூடப்படும் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் வருந்தித் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஸ்டாரக்கா எட்டிப் பார்த்தார். "முதல் பாதி இழுவை. ரெண்டாம் பாதியில வேலை போகுது. ரெண்டரை."

"சார், ஆறு மாசம் குடுத்தீங்களே?" என்றார் ரெண்டு ரிசல்ட்.

"அது திறந்திருந்தா. தம்பி, நீயே சொல்லு. திறந்து வெச்சா ஆயிரம் பேர் வர்றான். மூடினா மூணு லட்சம் பேர் வர்றான். எது வளர்ச்சி?"

"மூடினப்புறம் எதைப் பாக்க வருவாங்க சார்?"

"மூடியிருக்கான்னு பாக்க வருவாங்க. ஜனங்களைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? இருக்கறதை எவன் பாக்கறான்? மூடற பொத்தானை நீதான் அமுக்கறே. நேரலை. கண்ணுல தண்ணி வரணும். வரலேன்னாலும் கேமராக்காரர்கிட்ட வழி இருக்கு."

ரெண்டு ரிசல்ட் சுற்றறிக்கையை மறுபடி பார்த்தார். "நாலு மணிக்கு இறுதிப் போட்டி சார். சலவை நிலைய அணி. பதினோரு வருஷத்துல மொத தடவை. வேற யாரும் எழுத மாட்டாங்க. ஏழு மணிக்கு மூடிக்கலாமா? மூணே மணி நேரம்."

வியூகம் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஏழு மணிக்கு டிவியில வேற நிகழ்ச்சி இருக்கேப்பா. நாலு மணி துக்கத்தை ஏழு மணிக்கு வெச்சா எவன் அழுவான்?"

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எல்லோரும் கறுப்புச் சட்டை. நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'மறக்க மாட்டோம்.' வாசலிலேயே விற்றார்கள், மூன்று அளவு. கடைவாய்ப் பல் எடுத்துவிட்டு கன்னம் வீங்கி வாய் பேச முடியாமல் இறங்கி வந்த ஒரு பெரியவரைக் கேமரா பிடித்துக்கொண்டது. 'சொல்லில் அடங்காத சோகம்' என்று அவர் முகம் அன்று முழுக்க ஓடியது. மூடலின் முகம் அவர்தான்.

நாலு மணிக்கு ரெண்டு ரிசல்ட் பொத்தானை அமுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது, வழி தேவைப்படவில்லை. தளம் மூடியது. ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அமுக்கின கையோடு கணினியைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்.

ஓடினார் என்பது ஆசை. மூன்று மாடி இறங்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் ஒருத்தர் கட்டிப்பிடித்தார். "உங்க ஒரு கட்டுரையைக்கூட நான் விட்டதில்ல சார், ஒரு செல்ஃபி."

"மேட்ச் நடக்குது, விடுங்க" என்றார் அவர்.

"ஆஹா, கடைசி நேரத்துலயும் மேட்ச்!" என்று உருகினார்கள். யாரும் விடவில்லை. நானும் ஒன்று எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது, அவர் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பையில் அன்று இரண்டு செய்திகள் இருந்தன என்று ஸ்டாரக்கா பிறகு சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக வெற்றியை முதலில் எழுதி, அதை ஆறு மணிக்கு ஏற்றி வைத்திருந்தாராம். தளம் இல்லாததால் அது எங்கே போய் வெளியானது என்று யாருக்கும் தெரியாது.

வியூகத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது அவர் மூடல் வளர்ச்சிப் பிரிவின் தலைவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னும் மூன்று தளங்களைச் சிறப்பாக மூடியிருக்கிறார். நம்முடைய தளத்தில் 'மூடப்பட்டது' என்ற பக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தினமும் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். டாக்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்குத்தான் பதில் சொல்ல ஆளில்லை.

போன வாரம் என் கறுப்புச் சட்டையைச் சலவை நிலையத்தில் போட்டிருந்தேன். வாங்கப் போனால், எடுத்துக் கொடுத்த பெண்ணின் இரண்டு விரலில் கட்டு. சட்டையை விரித்து, நெஞ்சில் இருந்த எழுத்தைப் படித்தாள்.

"ரசிகரா தம்பி?"

"பதினோரு வருஷமா."

"எங்க அண்ணன்தான் எழுதினது. அப்ப எங்க மேட்ச் எல்லாம் படிச்சிருப்பீங்க."

"ஒண்ணு விட்டதில்லக்கா."

"ஃபைனல் எப்படி?"

"பிரமாதம்!" என்றேன்.

அவள் சட்டையை மடித்தாள். கையை உள்ளே விட்டு, காலரை நிமிர்த்தி, நிதானமாக மடித்தாள். பிறகு கேட்டாள்:

"ஜெயிச்சோமா, தோத்தோமா?"

ஒன்பது லட்சம் பேரில் யாரையாவது கேட்டுச் சொல்லலாம் என்று கைபேசியை எடுத்தேன். தேடினேன். எல்லோரும் அழுததைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவள் கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், நாலு கறுப்புச் சட்டைக்காக, அதே மாதிரி கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போதெல்லாம் துணியை வேறு கடையில் போடுகிறேன். சட்டை நல்ல சட்டை. எத்தனை துவைத்தும் அந்த எழுத்து போகவே மாட்டேன் என்கிறது.