ரபேல் வீட்டுப் படி

கிள்ளான்,
1934, ஞாயிறு மாலை.

என் தமக்கையார் இராஜம்மா அவர்கள் பாதங்களுக்குத் தம்பி தம்புசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் கால் வீக்கம் நீங்கலாக நலம். இவ்விடம் என்றால் தங்கள் வீட்டு வாசல்தான். பூட்டிய கதவுக்கு எதிரே என் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கள் நலத்தைக் கதவிடம்தான் விசாரிக்க முடிந்தது.

என் மகள் சீதாலெட்சுமிக்கு வைகாசியில் கல்யாணம். முதல் வெற்றிலை பாக்கு அத்தை கையில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? பெரியப்பா மகன் பாலன், தங்களை அழைக்க வந்த அன்று வழியில் யார் வீட்டிலோ உட்கார்ந்து தோசை தின்றுவிட்டு வந்தான் என்பதற்காக அவன் பையன் கல்யாணத்துக்குத் தாங்கள் போகவில்லை. அந்தப் பையனின் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், பேச்சுவார்த்தை இன்னும் இல்லை. தங்கள் மருமகளோ, "அத்தை வந்து நலங்கு வைக்கலேன்னா நான் மணையில உக்கார மாட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அப்படியே தங்களைக் கொண்டிருக்கிறாள். ஆகவே இன்று வருவதாகத் தங்களுக்குக் கார்டு போட்டுவிட்டு, தங்கள் வீட்டுக்கு முன்னால் வேறு எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்ற முடிவோடு தாப்பாவிலிருந்து புறப்பட்டேன்.

வண்டி கோலாலம்பூருக்குத் தாமதமாக வந்தது, கிள்ளான் வண்டி போய்விட்டது, அடுத்தது மாலையில்தான் என்றார்கள், சரி பிளாட்பாரத்திலேயே கிடக்கலாம் என்று பெட்டியை இறக்கினால் எதிரே ரபேல் நிற்கிறான், செந்தூல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன், தங்களுக்கும் வேண்டியவன்தான். இன்று அவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. "எத்தனை வருசமாச்சுடா தம்பு, வாடா வீட்டுக்கு" என்று பெட்டியைப் பிடுங்கி ரிக்‌ஷாவில் போட்டான், பெட்டிக்குள் தங்கள் வெற்றிலை பாக்கு இருந்ததால் நானும் ஏற வேண்டியதாயிற்று, பிரிக்பீல்ட்ஸில் அவனுடைய ரெயில்வே குவாட்டர்ஸ் வாசல் வரை போய் அங்கேயே நின்றுவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அக்கா வீடுதான் முதல் என்று சொன்னால் அவன் மனைவி ரோசலின், தன் வீடு இரண்டாவதா என்று வருத்தப்படும். காபியைச் சாக்கடை ஓரம் நின்றே குடித்தேன். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதன் பின்கால்கள் படியைத் தொட்டுக்கொண்டிருந்ததால் உட்காரவில்லை.

நான் வந்த செய்தி அதற்குள் எப்படியோ செந்தூலுக்குப் போய், பழைய சிநேகிதர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். விருந்தாளி வெளியே நிற்கும்போது அவர்கள் எப்படி உள்ளே போவார்கள்? யாருக்குப் பேரன் பிறந்தது, யாருக்கு நீரிழிவு, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் நடுத்தெருவில், ரிக்‌ஷாவுக்கும் மாட்டு வண்டிக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் பேசினோம். ஒரு போலீஸ்காரர் வந்து, இங்கே என்ன வேலை நிறுத்தமா என்று மலாயில் அதட்டினார். எல்லாரும் காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினோம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, சிநேகிதர்கள் கலைந்து ஓடினார்கள், நான் குடையை விரித்தேன்.

ரோசலின் வாசலுக்கு வந்து, "உள்ள ஒரு தரம் எட்டிப் பாருங்கண்ணே, ஒங்களுக்கே சந்தோசமா இருக்கும்" என்று கெஞ்சியது. பின்னாலிருந்து ரபேல் கண்ணைக் கண்ணைச் சிமிட்டினான். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். "உள்ள யாரு இருந்தாலும் சரி, நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். உள்ளே யாரோ டம்ளரை நங்கென்று வைத்தார்கள். ரோசலின் முகம் வாடிவிட்டது. பாவம்தான், ஆனால் தங்கள் மரியாதையைக் காப்பாற்றிவிட்டேன்.

நனைந்தபடி மாலை வண்டி பிடித்து வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. மழையில் நின்றபோது ஒன்றும் தெரியவில்லை, இந்தப் பூட்டைப் பார்த்ததும்தான் துக்கமாக இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

தங்கள் வீட்டுக் கோழிகள் உட்பட எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் நூறாண்டு இருந்து சீதாலெட்சுமியின் பேத்திக்கும் நலங்கு வைக்க முருகன் துணையிருக்க வேண்டும்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
தம்புசாமி

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது பக்கத்து வீட்டு வள்ளியம்மா வந்தார். "ஒங்கக்கா காலையில மொத வண்டியிலேயே பிரிக்பீல்ட்ஸ் போயிட்டாங்களே! 'தம்பிக்குக் கால் முடியாது, கிள்ளான் வரைக்கும் ஏன் அலையணும், ரபேல டேசனுக்கு அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லி அங்கேயே வெத்தல பாக்க வாங்கிக்கிறேன், நான் இருக்கேன்னு மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வைக்கணும்'னு சிரிச்சுக்கிட்டே போனாங்க" என்கிறார். அக்கா, அந்த டம்ளரை வைத்தது தாங்களா? மேலே "உள்ள யாரு இருந்தாலும்" என்று வரும் இடத்தை விட்டுவிட்டுப் படிக்கவும். அடுத்த வண்டியில் திரும்புகிறேன். ரபேல் வீட்டுப் படியைத் தவழ்ந்து வேண்டுமானாலும் ஏறுகிறேன். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டேன். கடிதத்தைத் தங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். இதைப் படிக்கும் வரை ரபேல் வீட்டை விட்டு நகர வேண்டாம்.