தங்கள் சீதன வீட்டைப் பற்றி நான் எழுதியது

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

பெருமதிப்புக்குரிய பத்மாசனி அம்மா அவர்கட்கு,

தாங்களும் மகன் தனோஜனும் நலமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டிக்கொண்டு, நேற்றுத் தாங்கள் தந்த வடை இன்னும் நெஞ்சிலேயே நிற்க, வெட்கத்தோடு எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஊர் முகநூல் குழுவில் ஒரு வாடகை வீட்டைக் கிழி கிழியென்று கிழித்தது நான்தான். முப்பது வருடம் நோர்வேயில் இருந்த நான், மகள் நிருஜாவுக்குச் சம்பந்தம் பேச வருவதற்காக, தரகர் தம்பிராசா போனில் காட்டிய நாலு படத்தை நம்பி இந்த வீட்டை எடுத்தேன். 'துறைமுகம் தெரியும்' என்றார். தெரிகிறதுதான், கக்கூசுக் கொமட்டின்மேல் ஏறி நின்றால். குழாயில் தண்ணீர் வராது, குசினிக் கூரையால் வரும். பின்கதவைச் சாத்த ஏலாது. முந்தாநாள், இங்கே தெருவெல்லாம் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று உள்ளே வந்து, தங்களுக்கென்று வாங்கிய வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் தின்றது. "அப்பா, கலையுங்கோவன்!" என்று மகள் கத்த, "நோர்வேயில மானைத் திண்டுதான் பழக்கம், கலைச்சுப் பழக்கமில்லை" என்று நான் கதிரைமேல் ஏறிவிட்டேன். அந்தக் கோபத்தில், 'இதை வாடகைக்கு விட்ட ஆளுக்கு மனச்சாட்சி இருக்கோ? இதுக்குள்ள மாட்டைக் கட்டினாலும் கயித்தை அறுத்துக்கொண்டு ஓடும்' என்று எழுதிப்போட்டேன்.

பின்னேரம் மாப்பிள்ளை பார்க்கத் தங்கள் வீட்டுக்கு வந்தால், சுவரில் இதே வீட்டின் படம்! "இது அம்மா எனக்குச் சீதனமாத் தந்தவ. எனக்குப் பொம்பிளைப் பிள்ளையில்லை, உங்கட மகளுக்குத்தான் அது. இப்ப வெளிநாட்டுக்காரர் ஆரோ இருக்கினமாம், தம்பிராசா அண்ணைதான் பாக்கிறார்" என்றீர்கள். ஐயோ! சீதனம் கேட்கிற இடத்தில் சீதனம் தருகிற மனிசியிடமா மனச்சாட்சி இருக்கோ என்று கேட்டேன்! எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றீர்கள். "துறைமுகப் பக்கம்" என்று முழுங்கினேன். நிருஜா என் காலை மிதித்தாள்.

வந்தவுடன் பதிவை அழிக்க வெளிக்கிட்டு, எதை அமத்தினேனோ தெரியாது, அது இன்னும் மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது. அம்மா, நான் எழுதினதெல்லாம் பொய். கூரை ஒழுகேல்லை, மழைதான் கூட. மான் வந்தது மங்களம். என்னை என்ன வேணுமெண்டாலும் பேசுங்கோ, பிள்ளையளின்ர கலியாணத்தை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ. பதினொரு மாப்பிள்ளையை வேண்டாமெண்டவள், நேற்று உங்கட வீட்டிலயிருந்து வரேக்குள்ள வழி முழுக்கச் சிரிச்சுக்கொண்டு வந்தவள். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.

தங்கள் குடும்பமும் கூரையும் என்றும் குறைவின்றி நிலைக்கட்டும்.

தலைகுனிந்து,
சிவபாதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது நிருஜா போனைக் காட்டினாள். என் பதிவின் கீழே தங்கள் மகன், 'ஓம் மாமா, முழுக்க உண்மை. ஆறு வருசமா அம்மாவுக்குச் சொல்லுறன், கேக்கிறாவில்லை' என்று எழுதியிருக்கிறார். அதற்கு என் மகள் இதயம் போட்டு, 'அப்ப கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் வேற வீடு பாப்பம்' என்று எழுதியிருக்கிறாள். 'பாலையூற்றில ஒண்டு பாத்து வச்சிருக்கிறன்' என்கிறார் தங்கள் மகன். அம்மா, கூரை ஒழுகுது.