பீரங்கி காமிக்ஸின் அறுபத்துநாலு அட்டைகள் தொடர்பாக

பாறசாலை,
நவம்பர் 18.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சுவாமிதாஸுக்கு, அண்ணன் வேதமாணிக்கம் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் நானும் உன் மதினி ஆனந்தபாயும் சுகம். எனக்கு முட்டுவலி உண்டு, அவளுக்கு நான் உண்டு. மஸ்கட்டில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நடக்கவில்லை. இவ்வளவும் எழுதியது சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான். கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். குற்றம் செய்தவர்கள் எல்லாரும் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

செப்டம்பரில் நீ போன் செய்து, கிறிஸ்துமஸுக்கு வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வருவதாகச் சொன்னாய். சந்தோஷத்தில் எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. உடனே நீ, “அண்ணா, எனக்க பீரங்கி புக்கெல்லாம் அங்க உண்டும் இல்லியா?” என்று கேட்டாய். “உண்டு மக்கா, அறுபத்துநாலும் டிரங்கு பெட்டியில பத்திரமா உண்டு” என்றேன். புது வீட்டின் முன்னறையில் கண்ணாடி அலமாரி செய்து, அட்டை வெளியே தெரியும்படி வரிசையாக நிறுத்தப் போவதாகச் சொன்னாய். மறுபடியும் எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிட்டாய். தம்பி, நான் சொன்னது பொய்யல்ல. அறுபத்துநாலு புத்தகமும் பத்திரமாகத்தான் உண்டு. ஒன்றிலும் அட்டை மட்டும் இல்லை.

மேற்படி அட்டைகளை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. சின்ன வயதில் மாதம் ஒருமுறை என்னோடு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு நடந்துபோய், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகங்களில் உனக்கு வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாய். ஒரு அட்டையில் கதாநாயகன் மாலுமி ரோக்கோ வெப்பக்காற்று பலூனின் கயிற்றில் ஒற்றைக் கையால் தொங்குவான், பின்னால் வானம் முழுக்கச் சிவப்பு. பன்னிரண்டாம் நம்பரில் ஒற்றைக்கண் ஆக்டோபஸ் கப்பலைக் கட்டிப்பிடித்திருக்கும். உள்ளே கதையில் பலூனும் இருக்காது, ஆக்டோபஸும் இருக்காது, ரோக்கோ ஏதாவது துறைமுகத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பான். அட்டைச் சாயம் கட்டைவிரலில் ஒட்டும். நீ திரும்பி வரும் வழியெல்லாம் அட்டையையே பார்த்துக்கொண்டு நடந்து, இரண்டு தடவை ஓடையில் விழுந்திருக்கிறாய். “பக்கத்தைப் புரட்டுலே, கத உள்ளயாக்கும் இருக்கு” என்று நான் விரட்டுவேன். நீ புரட்டமாட்டாய்.

நீ மஸ்கட் போய் இரண்டாம் வருஷம், நம் சபைப் பாடகர் குழுவுக்கு நான் தலைவன் ஆனேன். பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அட்டை கிழிந்து, பாடும்போது தாள் பறந்துகொண்டிருந்தது. கமிட்டியில் கேட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உன் பெட்டியைத் திறந்தேன். நல்ல கனத்த வழவழப்பான அட்டை, உள்பக்கம் முழுக்க வெள்ளை. கதையில் கை வைக்கவில்லையே, அட்டைதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு, பிளேடால் அறுபத்துநாலையும் சீராக வெட்டி எடுத்தேன். படத்தை உள்ளே திருப்பி, மைதா பசை தடவி ஒட்டினேன். வெள்ளை வெளேர் என்று புத்தகங்கள் அமைந்தன. நம் சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தின் நடுவே என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது, அதுதான் பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

பசை எத்தனை வருஷம் பிடிக்கும்? ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, மூன்றாம் மணிநேர ஆராதனையில், பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ரத்னபாய் கையிலிருந்த புத்தகத்தின் அட்டை மெல்ல இளகித் திரும்பிக்கொண்டது. ஒற்றைக்கண் ஆக்டோபஸ் ஐயரையே பார்த்தது. ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது என்ன வேதமாணிக்கம்?” என்றார். “யோனாவை விழுங்குன மீனாக்கும் ஐயரே” என்றேன். “மீனுக்கு எட்டுக் கை உண்டுமா?” என்று கேட்டார். படம் வரைந்தவனின் கற்பனை என்று சமாளித்து, அன்றைக்கே மறுபடி பசை தடவினேன்.

நீ போன் செய்த மறுநாள் கோவிலுக்கு ஓடினேன். இப்போது பாட்டெல்லாம் சுவரில் திரை போட்டுக் காட்டுகிறார்கள், புத்தகங்களை ஒரே கட்டாகக் கட்டி அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் லேலத்துக்கு வைத்துவிட்டார்கள். சரி, லேலத்தில் எடுத்துவிடலாம், அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் நம் சபையில் என் வழக்கம் உனக்குத் தெரியுமே. லேலத்தில் சேவலை எடுத்தாலும் சரி, வாழைக்குலையை எடுத்தாலும் சரி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சபைக்கே திருப்பிக் கொடுப்பேன், அதை மறுபடியும் லேலம் போடுவார்கள். பெரிய மனிதர்கள் செய்கிற காரியம். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சேவல்கூட என் வீட்டுக்கு வந்ததில்லை என்று ஆனந்தபாய் இன்றும் குத்திக்காட்டுகிறாள்.

லேலம் போட்டது நம் பொன்னுதாஸ். பழைய பாட்டுப் புத்தகத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லை, நான் கேட்டேன், எனக்கே விழுந்தது. எழுந்துபோய் வாங்குவதற்குள் பொன்னுதாஸ் மைக்கில், “நம்ம வேதமாணிக்கம் அண்ணன் எடுத்ததாக்கும். எப்பமும் போல சபைக்கே திரும்பத் தந்திருக்காவ. எல்லாரும் கை தட்டுங்க” என்றான். தட்டினார்கள் தம்பி. நான் வாயைத் திறந்து, எனக்கு வேணும், திருப்பித் தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று கும்பிட்டேன். இரண்டாம் தடவையும் நானே கேட்டு எடுத்தேன். இந்தத் தடவை சொல்லிவிடவேண்டும் என்று தயாராக எழுந்தேன், அதற்குள் கைதட்டல் முன்னைவிடப் பலமாக வந்துவிட்டது. மறுபடியும் கும்பிட்டேன். மூன்றாம் தடவை, பூவாரில் படகு சவாரிக்காரர்களுக்கு ஓட்டல் நடத்துகிற அபிஜித் என்ற பையன், கூட்டாளியோடு வேடிக்கை பார்க்க வந்தவன், நான் கும்பிட்ட கையை இறக்குமுன் கேட்டு எடுத்தான். நம் சபை வழக்கம் ஒன்றும் அறியாதவன், கட்டைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

போன வாரம் பூவாருக்குப் போனேன். ஆவி காட்டிப் பசையை இளக்கி, அறுபத்துநாலு அட்டையையும் பிரித்தெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறான். நான் வைத்திருந்ததைவிட நன்றாக வைத்திருக்கிறான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவன் மரியாதையாகச் சாயா கொடுத்துவிட்டு, “அங்கிள் ரெண்டு பிராவசியம் வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தத நான் கண்ணால கண்டதாக்கும். ஆருக்கும் வேண்டாத்ததுன்னு நினைச்சு எடுத்தேன். இப்ப இங்க வாறவங்க எல்லாரும் முதல்ல இதத்தான் பாக்கிது” என்றான். சாயா ஆறும்வரை பலூனில் தொங்கும் ரோக்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அட்டையை நான் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வானத்தின் சிவப்புக்குள் சின்னதாக ஒரு பறவை இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். அட்டைதானே என்று சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

நீ வந்து பெட்டியைத் திறக்குமுன் இதை என் வாயால் அறியவேண்டும் என்றே எழுதுகிறேன். நான் செய்தது தப்பு. மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் திட்டிவிட்டு மன்னி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் வாழ்த்தும் முத்தமும்.

இப்படிக்கு,
உன்மேல் அன்பு குறையாத அண்ணன்,
வே. வேதமாணிக்கம் (ஓய்வு).

பின்குறிப்பு: கவரில் போடுமுன் ஆனந்தபாய் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா கொழுந்தனுக்குத் தமிழு வாசிக்க அறியாதே” என்றாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் சேர்த்த அப்பா, உன்னைச் சேர்க்கும்போது தமிழுக்கு வாத்தியார் இல்லாமல் மலையாளத்தில் உட்கார வைத்தார். அதனால்தான் அந்தப் புத்தகங்களில் உனக்கென்று இருந்தது அட்டை மட்டும். கதையெல்லாம் நான் வாசித்துச் சொன்னது. இத்தனையும் தெரிந்திருந்தும், சங்கடம் வந்தால் என் கை தமிழில்தான் ஓடுகிறது. சரி என்று மலையாளத்தில் எழுத உட்கார்ந்தேன். ஒரு மணிநேரம் கழித்து, ‘எல்லாம் பத்ரமாயிட்டுண்டு, நீ வா’ என்று ஒரே வரிதான் வந்தது. அதைத்தான் தபாலில் சேர்க்கிறேன். இந்தக் கடிதத்தை உன் டிரங்குப் பெட்டியில், அட்டையில்லாத புத்தகங்களுக்கு மேலே வைக்கிறேன். நீ எடுத்து நீட்டினால், வாசித்துச் சொல்ல நான் பக்கத்தில் இருப்பேன்.